ரவருக்கு எரிபொருள் கலம் வைக்கும்போது விடும் பிழைகள்

2022இல் டீசலுக்கு வரிசையில் நின்றதை யாழ்ப்பாணத்தில் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். கறண்ட் போனால் தொலைபேசிக் கோபுரத்தை ஜெனரேற்றருக்குப் பதில் ஐதரசன் எரிபொருள் கலத்தில், அதாவது ஐதரசனைக் காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்த்து மின்சாரம் எடுக்கும் கருவியில், ஓட்டலாமா? தாராளமாக ஓட்டலாம். புகை இல்லை, இரைச்சலும் குறைவு. ஆனால் அதை இன்னொரு ஜெனரேற்றர் என்று நினைத்து வைத்தால் பிழையாகிவிடும்.

பெரிய பிழை கணக்கில்தான். 5 கிலோவாற்று கலம் வாங்கியாயிற்று, போதும் என்று இருந்துவிடுகிறார்கள். எத்தனை மணிநேரம் தாங்கும் என்பது சிலிண்டரில் அல்லவா இருக்கிறது! 1 கிலோ ஐதரசனில் ஏறத்தாழ 15 யூனிற் மின்சாரம் எடுக்கலாம். 200 பார் அழுத்தத்தில் நிரப்பிய 50 லீற்றர் சிலிண்டரில் முக்கால் கிலோ அளவுதான் அடங்கும். 2 கிலோவாற்று இழுக்கும் ரவருக்கு மாரியில் மூன்று நாள் கறண்ட் இல்லையென்றால் 13 சிலிண்டர் வேண்டும். ஒவ்வொன்றும் 60 கிலோ அளவில் பாரம். நெடுந்தீவுக்கு என்றால் குறிகட்டுவான் இறங்குதுறையில் படகேற்ற வேண்டும். கடல் கொந்தளித்தால் அதுவும் இல்லை. ஆகவே ஐப்பசிக்கு முன்பே சிலிண்டர்களைக் கொண்டுபோய் வைத்துவிடுங்கள்.

அடுத்தது காற்று. இந்தக் கலம் ஒட்சிசனை வெளிக்காற்றிலிருந்து எடுக்கிறது. அதோடு உப்பும் கந்தகப் புகையும் உள்ளே போனால் பிளாற்றினம் பூசிய பகுதியும், ஐதரசனையும் காற்றையும் பிரித்து வைக்கும் மென்சவ்வும் கெடும். சோளகம் வீசும் கரையோரத்தில் மலிவான வடிகட்டி போட்டு மிச்சம் பிடிக்க வேண்டாம். பழைய ஜெனரேற்றரின் புகைக்குழாய்ப் பக்கம் காற்று வாயிலை வைக்கவும் கூடாது.

ரவரில் உள்ள பற்றரியை முழுதாகக் கழற்றுவதும் பிழை. கலம் முழு வலுவுக்கு வரச் சற்று நேரம் எடுக்கும். 48 வோல்ற்றில் ஓடும் கருவிகள் அதுவரை பொறுக்காது. சிறிய பற்றரியாவது இருக்கட்டும்.

சமையல் காஸ் கசிந்தால் நிலத்தில் படியும். அந்தப் பழக்கத்தில் சிலிண்டர் அறையின் காற்றுத் துவாரத்தைக் கீழே வைத்துவிடுகிறோம். ஐதரசன் காற்றைவிட 14 மடங்கு இலேசானது, கூரையில் போய்த் தங்கும். காற்றில் 4 வீதம் சேர்ந்தாலே தீப்பற்றும். துவாரமும் கசிவு உணரியும் மேலேதான் இருக்க வேண்டும்.

அப்புறம், கறண்ட் ஒழுங்காக இருக்கிறதென்று கலத்தை மாதக்கணக்கில் சும்மா விடாதீர்கள், மென்சவ்வு காய்ந்துபோகும். இடைக்கிடை சுமை கொடுத்து ஓட்டி, சிலிண்டர் அழுத்தத்தைக் கொப்பியில் எழுதுங்கள். ஓடிய அளவுக்கு மேல் குறைந்திருந்தால், அன்றைக்கே சவர்க்கார நீர் தடவி மூட்டுகளைப் பாருங்கள்.