உயர்தர மாணவருக்கு ஹெஸ்டியாவைக் கற்பிக்கும் முறை

கிரேக்க உரோம நாகரிகப் பாடத்தில், கிரேக்கரின் அடுப்புத் தெய்வமான ஹெஸ்டியாவுக்குப் பெரும்பாலும் இரண்டு வரிகளே கிடைக்கின்றன. அவளைப் பற்றிய கதைகள் குறைவு என்பதே காரணம். ஆகவே கதையை விட்டு அடுப்பிலிருந்து தொடங்குங்கள். அவள் பெயருக்கே கிரேக்கத்தில் அடுப்பு என்றுதான் பொருள்.

விறகடுப்பு உள்ள வீட்டுப் பிள்ளைகளிடம், இரவுச் சமையல் முடிந்தபின் தணலை அம்மா என்ன செய்வார் என்று கேளுங்கள். சாம்பலை இழுத்து மூடி வைத்து, விடியற்காலையில் கிளறி ஊதிப் பற்றவைப்பதை அவர்களே சொல்வார்கள். உடனே ஹோமரின் காவியமான ஒடிசியின் ஐந்தாம் காண்டத்தின் இறுதியைக் காட்டுங்கள்: சருகுக்குள் புதைந்து உறங்கும் காவிய நாயகன் ஒடிசியஸை, அயலார் இல்லாத வயலோரத்தில் ஒருவன் சாம்பலுக்குள் புதைத்துவைத்த கொள்ளிக்கு ஹோமர் ஒப்பிடுகிறார். நெருப்பை அணையவிடாமல் காப்பது ஏன் வழிபாடாயிற்று என்பது அப்போது விளங்கும்.

பிறப்பைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். தன் பிள்ளைகளை விழுங்கிய தந்தை குரோனஸ் முதலில் விழுங்கியதும் கடைசியாகக் கக்கியதும் அவளையே என்பதால், அவள் மூத்தவளும் இளையவளும் ஆனாள். விருந்தில் தெய்வத்துக்கென ஊற்றும் மதுவில் முதல் வார்ப்பும் கடைசி வார்ப்பும் அவளுக்கே உரியவை. பொசைடன், அப்பல்லோ என்னும் தெய்வங்கள் மணங்கேட்டபோது, தெய்வங்களின் அரசனான சியூஸின் தலையைத் தொட்டுக் கன்னிமை காப்பதாக அவள் சத்தியம் செய்தாள்.

திருமணச் சடங்கில் நிதானமாக நில்லுங்கள். மட்டக்களப்பில் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவதும் வீடு அவளுக்கே சீதனமாவதும் வழக்கமாதலால், நம் மாணவர் ஆதென்ஸிலும் அப்படித்தான் என்று எழுதிவிடுவர். அங்கே மணமகளே கணவன் வீட்டுக்குச் சென்றாள். அடுப்பருகே அவள் தலையில் உலர்ந்த அத்திப்பழமும் கொட்டைகளும் சொரிந்தே அவளை அவ்வீட்டில் சேர்த்துக்கொண்டனர். பிறந்த குழந்தையையும் சில நாட்களில் அடுப்பைச் சுற்றித் தூக்கிச் சென்றே குடும்பத்தில் சேர்த்தனர்.

தீயோடு தொடர்புள்ள பெண்தெய்வம் என்றதும் மாணவருக்குக் கண்ணகி அம்மன் நினைவு வருவது இயல்பு. அதைத் தடுக்காமல் வேறுபாட்டைச் சொல்லுங்கள். வைகாசியில் நாம் அம்மனைக் குளிர்விக்கும் குளிர்த்தி பாடுவது மதுரையை எரித்த சினம் தணியவே. ஹெஸ்டியாவின் நெருப்பிலோ தணிக்க வேண்டிய சினமே இல்லை.

மதுத் தெய்வமான டயோனிசஸுக்காக ஹெஸ்டியா ஒலிம்பஸில் தன் ஆசனத்தை விட்டுக்கொடுத்தாள் என்ற கதையைக் குறிப்பேட்டில் எழுதவிடாதீர்கள். அது பழங்கிரேக்க நூல் எதிலும் இல்லை. அதற்குப் பதிலாக, பிளேட்டோவின் பைட்ரஸ் என்னும் உரையாடல் நூலில் தெய்வங்கள் யாவரும் சியூஸின் பின்னே தேரேறிச் செல்ல, அவள் மட்டும் வீட்டில் தங்கும் பகுதியை வகுப்பில் உரக்க வாசிக்கச் செய்யுங்கள்.