வருடப் பறவைப் பட்டியல்: கடைசி நாளையும் சேர்த்துக் கணக்கு வைப்பது எப்படி?

ஒரு வருடத்தில் எத்தனை வகைப் பறவைகளைப் பார்த்தோம் என்று கணக்கு வைப்பது பறவை நோக்குபவர்களிடம் வெகு காலமாக இருக்கும் பழக்கம். பார்த்த பறவைகளைப் பதிந்து வைக்கும் இணையதளமும் செயலியுமான ஈபேர்டில் (eBird) பதிவு செய்பவர்களுக்கு அந்த எண்ணிக்கையை ஈபேர்டே காட்டிவிடும். ஒவ்வொரு பறவையையும் அந்த வருடம் முதலில் பார்த்த தேதியும் பக்கத்திலேயே இருக்கும். அப்புறம் தனியாக எதற்கு ஒரு கணக்கு?

கடைசியாகப் பார்த்த தேதிக்காகத்தான். வலசை வரும் பறவை என்றைக்கு வந்தது என்பது பாதிச் செய்தி. என்றைக்குக் கிளம்பிப் போனது என்பது மீதிப் பாதி. வருடப் பட்டியல் வைப்பவர்கள் பலர் முதல் பாதியோடு நின்றுவிடுகிறார்கள். புதிதாக ஒன்று சேரும்போது வரும் மகிழ்ச்சியில், ஏற்கெனவே சேர்ந்த பறவையைத் திரும்பிப் பார்ப்பதே இல்லை. எனக்கு இது பெரிய குறையாகப் படுகிறது. அதனால் என் வருடக் கணக்கில் ஒவ்வொரு பறவைக்கும் மூன்று விவரங்கள் இருக்கும்: முதல் நாள், கடைசி நாள், (ஒவ்வொரு முறை பறவை பார்க்கும்போதும் ஈபேர்டில் எழுதும்) பட்டியல்களில் எத்தனையில் வந்தது. அதைத் தயார் செய்யும் முறையைத்தான் இங்கே சொல்கிறேன்.

ஈபேர்ட் கணக்கு ஒன்று, விரிதாள் ஒன்று, இவ்வளவு போதும். கணக்குத் தொடங்குவது, செயலியை நிறுவுவது எல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன். விரிதாளில் எக்செல், லிப்ரே ஆபீஸ், கூகுள் ஷீட்ஸ் எதுவும் சரிதான். என் விருப்பம் கூகுள் ஷீட்ஸ். காரணம் 5ஆம் படியில் வரும்.

படி 1: எதைச் சேர்ப்பது என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள்

பறவை உயிரோடு, காட்டு இயல்போடு, கட்டுப்படுத்தப்படாமல் இருக்க வேண்டும். இது அமெரிக்கப் பறவை நோக்கர் சங்கத்தின் விதி, உலகெங்கும் பெரும்பாலும் இப்படித்தான் எண்ணுகிறார்கள். குரலை மட்டும் கேட்டு உறுதியாக அடையாளம் கண்டாலும் சேர்க்கலாம். கூண்டிலிருந்து தப்பிய கிளி கணக்கில் வராது.

குரல் விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். குரலைக் கேட்டுப் பறவையின் பெயரைச் சொல்லும் மெர்லின் செயலி திரையில் ஒரு பெயரைக் காட்டினால் அது ஒரு யோசனைதான். அந்தக் குரலை நீங்களும் கேட்டு, அந்தப் பறவைதான் என்று உங்களுக்கே தெரிந்தால் எழுதுங்கள். கேட்டு மட்டும் சேர்த்த பறவைக்கு, அதன் குறிப்புப் பெட்டியில் ‘கேட்டது’ என்று முதல் சொல்லாகப் போட்டுவிடுங்கள். பின்னால் வடிகட்டும்போது இந்த ஒரு சொல் நிறைய உதவும்.

படி 2: ஒவ்வொரு முறையும் முழுப் பட்டியல்

காகம், மைனா, மாடப்புறா என்று அடையாளம் தெரிந்த எல்லாவற்றையும் ஒவ்வொரு முறையும் எழுதுங்கள். பட்டியலை முடிக்கும்போது, அடையாளம் தெரிந்த எல்லாப் பறவைகளையும் பதிந்துவிட்டீர்களா என்று ஈபேர்ட் கேட்கும். அதற்கு மனசாட்சியோடு ‘ஆம்’ சொல்ல முடிய வேண்டும்.

இந்த முறை முழுவதும் இந்தப் படியில்தான் நிற்கிறது. புதிய பறவையை மட்டும் எழுதும் பழக்கம் இருந்தால், மார்ச்சுக்குப் பிறகு உங்கள் பதிவில் தகைவிலான் இல்லாததற்கு அர்த்தம் எதுவும் கிடையாது. அது போய்விட்டதா, நீங்கள் எழுதவில்லையா என்று சொல்ல முடியாது. முழுப் பட்டியலில் மட்டுமே ‘இல்லை’ என்பதும் ஒரு தகவல்.

எண்ணிக்கை தெரிந்தால் எண்ணை எழுதுங்கள், தோராயமாக இருந்தாலும் பரவாயில்லை. வருடக் கடைசி இரவில் ஆந்தை தேடிப் போகிறவர்கள் நள்ளிரவில் ஒரு பட்டியலை முடித்துவிட்டு அடுத்ததைத் தொடங்க வேண்டும். ஒரு பட்டியலுக்கு ஒரு தேதிதான். நடுவில் பிரிக்காவிட்டால் புத்தாண்டின் முதல் ஆந்தை பழைய வருடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

படி 3: தரவைப் பதிவிறக்குங்கள்

ஈபேர்ட் இணையதளத்தில் உங்கள் சொந்தப் பக்கத்திலேயே தரவைப் பதிவிறக்கும் இணைப்பு இருக்கிறது. கேட்டால் மின்னஞ்சலில் ஒரு இணைப்பு வரும். சுருக்கப்பட்ட கோப்பைப் பிரித்தால் உள்ளே விரிதாளில் திறக்கக்கூடிய சிஎஸ்வி (CSV) கோப்பு. நீங்கள் இதுவரை எழுதிய எல்லாமே அதில் இருக்கும்: பொதுப்பெயர், அறிவியல் பெயர், எண்ணிக்கை, இடம், தேதி, குறிப்பு.

(பின்னர் சேர்த்தது: குறிப்புகளைத் தமிழில் எழுதியிருந்தால், கோப்பை இருமுறை தட்டி எக்செலில் திறக்கும்போது எழுத்துகள் உருக்குலைந்து தெரியலாம் என்று வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். தரவில் பிழை இல்லை. எக்செலைத் தனியாகத் திறந்து, தரவை இறக்குமதி செய்யும் வழியாகக் கோப்பைத் தேர்ந்தெடுத்து, குறியாக்கத்தை யூடிஎஃப்-8 என்று வையுங்கள். தமிழ் சரியாக வரும்.)

படி 4: இனங்களைச் சுத்தம் செய்வது

எனக்கு அதிக நேரம் எடுத்த இடம் இது. அதனால் நிதானமாகவே சொல்கிறேன்.

அறிவியல் பெயர் நெடுவரிசையை அப்படியே எண்ணினால் விடை தப்பாக வரும். வெள்ளை வாலாட்டியை ஒருநாள் இனமாகவும் இன்னொரு நாள் துணையினமாகவும் பதிந்திருந்தால் அது இரண்டு பறவையாகிவிடும். ‘ஏதோ ஒரு கழுகு’ என்ற வகைப் பதிவும் தனி இனம்போல நிற்கும். ஈபேர்ட் தன் எண்ணிக்கையில் இவற்றை எல்லாம் தானே சரிசெய்துகொள்கிறது. பதிவிறக்கிய கோப்பில் அந்த வேலை நம் தலையில் விழுகிறது.

முதலில் அறிவியல் பெயர் நெடுவரிசையை நகலெடுத்து, தாளின் வலது ஓரத்தில், எல்லாத் தரவுக்கும் அப்பால் ஒட்டுங்கள். இதைத் தவிர்க்கக் கூடாது. அடுத்து வரும் பிரிக்கும் கட்டளை, பக்கத்து நெடுவரிசைகளில் இருப்பதன் மேலேயே எழுதிவிடும். எண்ணிக்கை அழிந்துபோகும்.

இப்போது அந்த நகலை இடைவெளி வரும் இடத்தில் தனித்தனி நெடுவரிசைகளாகப் பிரியுங்கள். முதல் சொல் பேரினம், இரண்டாவது இனம், மூன்றாவது இருந்தால் துணையினமோ வேறு குறிப்போ.

அடுத்து வடிகட்டி நீக்க வேண்டியவை. இரண்டாம் சொல் ‘எஸ்பி’ (sp.) என்று இருந்தால் அது இனம் வரை அடையாளம் காணாத பதிவு, நீக்குங்கள். இரண்டாம் சொல்லுக்குள் சாய்கோடு இருந்தால் ‘இதுவோ அதுவோ’ என்ற பதிவு, அதையும் நீக்குங்கள். ஆனால் சாய்கோடு மூன்றாம் சொல்லில் இருந்தால் தொடாதீர்கள். அங்கே துணையினத்தில்தான் சந்தேகம், இனத்தில் இல்லை. மொத்தப் பெயரிலும் சாய்கோட்டைத் தேடி நீக்கினால் நல்ல பதிவுகள் போய்விடும். சொற்களைப் பிரித்துவிட்டு நீக்கச் சொல்வதற்கு இதுதான் காரணம்.

மூன்றாம் இடத்தில் ‘எக்ஸ்’ (x) என்ற ஒற்றை எழுத்து மட்டும் நின்றால் அது இரண்டு இனங்களின் கலப்பு. நீக்குங்கள்.

கடைசியாக அடைப்புக்குறிகள். மூன்றாம் சொல் அடைப்புக்குறியோடு ‘டொமஸ்டிக்’ (Domestic) என்று தொடங்கினால் அது வளர்ப்புப் பறவை, நீக்குங்கள். வளர்ப்பு வாத்தை விட்டுவைத்தால் முதல் இரண்டு சொற்கள் காட்டு மல்லார்டு வாத்தினுடையவை என்பதால், நீங்கள் பார்க்கவே பார்க்காத மல்லார்டு உங்கள் வருடப் பட்டியலில் வந்து நிற்கும். அதே சமயம், அடைப்புக்குறியில் ‘ஃபெரல்’ (Feral) என்று இருக்கும் மாடப்புறாவை வையுங்கள். மனிதர் வளர்ப்பிலிருந்து போய்த் தானாக இனம்பெருக்கி வாழும் புறாக்கள் அவை. ஈபேர்ட் அவற்றை இனக் கணக்கில் சேர்க்கிறது. அடைப்புக்குறி உள்ள எல்லாவற்றையும் ஒரே வீச்சில் தூக்கினால், தெருவெங்கும் இருக்கும் பறவை உங்கள் பட்டியலில் இல்லாமல் போகலாம்.

தப்பிய கூண்டுப் பறவைகளை ஈபேர்டின் வருடப் பட்டியலோடு ஒப்பிட்டுக் கையாலேயே நீக்கிவிடுங்கள். பெரும்பாலும் ஒன்றிரண்டுதான் இருக்கும்.

எஞ்சிய வரிசைகளில் முதல் இரண்டு சொற்களை & குறியால், நடுவில் ஓர் இடைவெளி விட்டு இணைத்து ஒரு புதிய நெடுவரிசை ஆக்குங்கள். இதற்கு ‘இனம்’ என்று தலைப்பு. இனி எல்லாம் இதை வைத்துத்தான்.

படி 5: பிவட் டேபிள்

பிவட் டேபிள் (Pivot table) என்பது தரவைத் தொகுத்துக் காட்டும் அட்டவணை, விரிதாளிலேயே இருக்கிறது. வரிசைக்கு ‘இனம்’. மதிப்புக்குத் தேதியை இரண்டு முறை இடுங்கள், ஒன்றுக்கு மின் (MIN, முதல் தேதி), இன்னொன்றுக்கு மேக்ஸ் (MAX, கடைசித் தேதி). மூன்றாவதாகப் பட்டியலின் அடையாள எண்ணை இட்டு எண்ணச் சொல்லுங்கள். தேதி வடிகட்டியில் வேண்டிய வருடம். முடிந்தது.

மூன்றாவதில்தான் கூகுள் ஷீட்ஸ் எனக்குப் பிடிக்கும். அங்கே கவுண்ட்யூனிக் (COUNTUNIQUE) என்ற வகையைத் தேர்ந்தெடுக்கலாம். ஒரே பட்டியலில் ஒரே இனத்தின் இரண்டு துணையினங்களைப் பதிந்திருந்தாலும் அது ஒரு பட்டியலாகவே எண்ணும். எக்செலின் சாதாரணப் பிவட் டேபிளில் அது இரண்டாகிவிடும்.

தேதிக்குப் பதில் 45678 போன்ற எண் வந்தால் பயப்பட வேண்டாம். அது 2025 ஜனவரி 21. நெடுவரிசையின் வடிவத்தைத் தேதி என்று மாற்றினால் போதும். எல்லா இடத்திலும் 0 வந்தால் சிக்கல் வேறு: உங்கள் தேதிகள் எழுத்தாகச் சேமிக்கப்பட்டிருக்கின்றன. மூலத் தாளில் அவற்றைத் தேதியாக மாற்றிவிட்டு மறுபடி பாருங்கள்.

படி 6: கடைசி நாளைப் படிப்பது

கடைசி நாள் என்று வருவது நீங்கள் கடைசியாகப் பார்த்த நாள். பறவை போன நாள் என்று உடனே எடுத்துக்கொள்ளக் கூடாது. அதே இடத்தில் அந்தத் தேதிக்குப் பிறகு எத்தனை முழுப் பட்டியல்கள் எழுதியிருக்கிறீர்கள் என்று பாருங்கள். நிறைய எழுதியும் அது இல்லை என்றால், போய்விட்டது என்று ஓரளவு நம்பிச் சொல்லலாம். அதற்கப்புறம் நீங்களே வெளியே போகவில்லை என்றால் எதுவும் சொல்ல முடியாது.

பின்னர் வந்த கேள்விகள்

பலர் கேட்டது: ‘குளிர்கால விருந்தாளிகளுக்கு முதல் நாள் ஜனவரியிலும் கடைசி நாள் டிசம்பரிலும் வருகிறதே, நடுவில் பல மாதம் இல்லாதது தெரியவில்லையே?’ நல்ல கேள்வி. ஜனவரி–டிசம்பர் வருடம் அவற்றின் பருவத்தை நடுவில் வெட்டிவிடுகிறது. நீங்கள் வட அரைக்கோளத்தில் இருந்தால் இந்தப் பறவைகளுக்கு மட்டும் தேதி வடிகட்டியை ஜூலை 1 முதல் அடுத்த ஜூன் 30 வரை என்று மாற்றுங்கள். அப்போது மின் வந்த நாளாகவும் மேக்ஸ் கிளம்பிய நாளாகவும் வந்துவிடும். கோடையில் வந்து இனம்பெருக்கிவிட்டுப் போகும் பறவைகளுக்கு ஜனவரி–டிசம்பரே சரி. நான் இப்போது இரண்டு பிவட் டேபிள்கள் வைத்திருக்கிறேன். எல்லாருக்கும் அதையே சொல்வேன்.

இன்னொருவர், போன வருடத் தாளோடு ஒப்பிட்டால் உண்ணிக்கொக்கு புதுப் பறவையாகத் தெரிகிறது என்றார். முன்பு உலகம் முழுவதற்கும் ஒரே உண்ணிக்கொக்குதான். இப்போது கீழை உண்ணிக்கொக்கு, மேலை உண்ணிக்கொக்கு என்று இரண்டு இனங்களாகப் பிரித்துவிட்டார்கள், பேரினமும் புபுல்கஸிலிருந்து ஆர்டியாவுக்கு மாறிவிட்டது. ஈபேர்ட் இப்படிப்பட்ட வகைப்பாட்டு மாற்றங்களைப் பொதுவாக வருடத்துக்கு ஒருமுறை, அக்டோபரை ஒட்டி, எல்லாருடைய பழைய பதிவுகளிலும் செய்கிறது. 2015இல் அமெரிக்கப் பறவை நோக்கர் நோவா ஸ்ட்ரைக்கர் ஒரே வருடத்தில் 6,042 இனங்களைப் பார்த்ததுபோன்ற சாதனை எண்கள்கூட எந்த வகைப்பாட்டை வைத்து எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்துக் கூடும், குறையும். அதனால் பழைய தாளைச் சேமித்து வைத்து ஒப்பிடாதீர்கள். ஒவ்வொரு முறையும் முழுத் தரவையும் புதிதாகப் பதிவிறக்கி, இரண்டு வருடங்களையும் அதிலிருந்தே எடுங்கள்.

கூட வந்த நண்பர் பகிர்ந்த பட்டியலை ஏற்றுக்கொண்டால் அது உங்கள் கோப்பில் உங்கள் பட்டியலாகவே வரும். அதே நடைக்கு நீங்களும் தனியாக ஒன்று எழுதியிருந்தால் மூன்றாவது நெடுவரிசையில் இரண்டாக எண்ணப்படும். இரண்டில் ஒன்றை ஈபேர்டிலேயே நீக்கிவிட்டுப் பதிவிறக்குங்கள்.