ஜாஸ் கிட்டார் கேட்கத் தொடங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலும் அதைச் சூழ்ந்த சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பகுதிகளிலும் கிட்டார் கற்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்குக் குறைவில்லை. கோயில் பஜனைக்கும் திருமண மேடைக்கும் வாசித்துப் பழகியபின் ஜாஸ் பக்கம் திரும்பும் அவர்கள், யாரைக் கேட்பது என்று மூத்தவர்களிடம் வினவும்போது பெரும்பாலும் ஒரு பெயர்ப் பட்டியலைப் பெற்றுத் திரும்புகிறார்கள். பட்டியலில் பிழை இராது; ஆனால் அந்த இசையை எப்படிக் கேட்பது என்பதை ஒருவரும் சொல்லாததால், இரண்டு மூன்று ஆல்பங்களிலேயே பலர் சலித்து விலகிவிடுகிறார்கள். என் கருத்தில் முதன்மையான தவறு ஒன்றுதான்: கிட்டாரை மட்டும் கேட்பது. மற்றத் தவறுகளில் பல அதன் கிளைகளே.

வேகத்தைத் தேடிச் செல்வது அத்தகைய ஒரு கிளை. 1928-இல் வண்டியில் பற்றிய தீயால் கிட்டார் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் இடக்கையில் இரண்டு விரல்கள் செயலிழந்த கதையைக் கேட்டவர்கள், அவருடைய இசையை விரல் வியப்பாகவே அணுகுகிறார்கள். 1937-இல் பதிவான 'மைனர் ஸ்விங்'கை ஒருமுறை ஜாங்கோவின் தனி வாசிப்புக்காகக் கேளுங்கள். மறுமுறை, ஸ்டெஃபான் கிராப்பெல்லியின் வயலின் முன்னுக்கு வந்தபின் ஜாங்கோ அதன் கீழே என்ன செய்கிறார் என்பதை மட்டும் கேளுங்கள். வயலின் ஓயும் இடத்தை நிரப்புவதும், அடுத்த சுற்றுக்குத் தள்ளிவிடுவதும் அந்தக் கிட்டார்தான். அதுபோலவே, கிட்டார் கலைஞர் ஜோ பாஸ் 1973-இல் துணைக்கு எவருமின்றிப் பதிவு செய்த 'விர்ச்சுவோசோ'வை முதல் ஆல்பமாகத் தருவதும் பொருத்தமன்று. அதில் உள்ளவை பெரும்பாலும் அமெரிக்காவின் பழைய பாடல்கள். அவற்றின் மெட்டு கேட்பவரின் மனத்தில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால்தான், ஜோ பாஸ் எதை விட்டுவிட்டு எதைச் சொல்கிறார் என்பது விளங்கும். பாட்டை அறியாதவருக்கு அது விரைவான விரலோட்டமாகவே நின்றுவிடும்.

கர்நாடக இசையில் வளர்ந்த செவிக்கென்றே ஒரு தவறு உண்டு. அதைச் சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறேன். நம் இசையில் தம்பூராவின் ஆதார சட்ஜம் கச்சேரி முடியும்வரை அசையாமல் நிற்கிறது. அந்த நிலைத்த தளத்தின்மேல் கமகத்தால் ஒரு சுரத்தை உயிர்பெறச் செய்கிறார் பாடகர். அந்தப் பழக்கத்தோடு ஜாஸ் கிட்டார் கலைஞர்களான ஜிம் ஹாலையோ கிராண்ட் கிரீனையோ கேட்பவர், சுரங்கள் ஆடாமல் தனித்தனியே நிற்பதைக் கண்டு இதில் உயிரில்லை என்று முடிவுகட்டிவிடுகிறார். உண்மையில் இங்கே அசைவது சுரத்தின் அடியிலுள்ள தளம். பல சுரங்கள் ஒருங்கே ஒலிக்கும் கார்ட் மாறும்போது, மேலே அதே இடத்தில் நிற்கும் சுரம் வேறொரு சுரமாகிவிடுகிறது. சற்று முன் அமைதியாக இருந்தது இப்போது தீர்வை வேண்டி ஏங்குகிறது. கிட்டார் கலைஞர் அடுத்த கார்டுக்கு எந்தச் சுரத்தின் வழியாகக் கடந்து செல்கிறார் என்பதில்தான் அவருடைய கற்பனை தங்கியிருக்கிறது. ஆகவே, ராகத்தைத் தேடுவதைச் சில நாள்களுக்கு ஒதுக்கிவைத்துவிட்டு, தாழ்ந்த சுரங்களை வாசிக்கும் பாஸ் இசைக்கருவி காட்டும் தளமாற்றத்தைச் செவியால் பின்தொடர வேண்டும்.

அதற்கு நம் தாளப் பயிற்சி பெருந்துணை. வாசிப்பு எங்கே தொடங்கி எங்கே திரும்புகிறது என்று தெரியாமல் கேட்பதே அடுத்த தவறு. அதைத் திருத்த நம் கையே போதும். பார் என்பது இங்கே நான்கு அடிகள் கொண்ட ஓர் அளவு; ஆகவே பன்னிரண்டு பார் ப்ளூஸ் என்பது 48 அடிகள் கொண்ட ஒரு சுற்று. ஆதி தாளத்தில் அது சரியாக ஆறு ஆவர்த்தனம். அதன் எளிய வடிவில், மூன்றாம் ஆவர்த்தனத்தின் தொடக்கத்தில் தளம் மத்திமத்திற்கு நகர்கிறது. நான்காவதில் சட்ஜத்திற்குத் திரும்புகிறது. ஐந்தாவதில் பஞ்சமத்திற்குச் சென்று ஆறாவதில் மீண்டும் சட்ஜத்தில் அமர்கிறது. கிட்டார் கலைஞர் கென்னி பர்ரெலின் 'மிட்நைட் ப்ளூ' ஆல்பத்தில் (1963) உள்ள 'சிட்லின்ஸ் கான் கார்னே'யை இப்படித் தாளம் போட்டுக் கேட்கலாம். பியானோ இல்லாத குழு அது. சாக்சஃபோன், பாஸ், டிரம்ஸ், கையால் தட்டும் காங்கா முரசு ஆகியவற்றுக்கிடையே கிட்டாருக்கு நிறைய வெளி இருப்பதால் ஒவ்வோர் அசைவும் தெளிவாகக் கேட்கும். புதியவருக்கு முதல் ஆல்பமாக நான் பரிந்துரைப்பது இதைத்தான்.

அடுத்தபடியாக, கிராண்ட் கிரீன் 1963 நவம்பரில் பதிவு செய்த 'ஐடில் மொமென்ட்ஸ்'. அதன் தலைப்புப் பாடல் பதினாறு பார் சுற்று. ஒவ்வொருவரும் எத்தனை சுற்று வாசிப்பது என்பதில் எழுந்த குழப்பத்தால் பாடல் ஏறக்குறைய பதினைந்து நிமிடங்களுக்கு நீண்டுவிட்டது. இருந்தும் அந்தப் பதிவு அவ்வளவு அழகாக அமைந்ததால் அதை அப்படியே வைத்துக்கொண்டு, மற்றப் பாடல்களைச் சுருக்கி மீண்டும் பதிவு செய்தார்கள். சுற்றுகளை எண்ணிக் கேட்பவருக்கு, அவசரமற்ற அந்த நீட்சியே பெரும் இன்பம்.

ஒரு கலைஞரை அவருடைய ஏதோ ஒரு காலத்தைக் கொண்டு அளப்பதும் தவறு. கிட்டார் கலைஞர் வெஸ் மான்ட்கோமெரிக்கு இது அதிகம் நேர்கிறது. 1967-இல் வெளிவந்த 'எ டே இன் தி லைஃப்' போன்ற இறுதிக்கால ஆல்பங்களில் அவர் பெரிய தந்தி வாத்தியக் குழுவோடு அக்காலப் பிரபலப் பாடல்களை வாசித்தார். அவற்றை மட்டும் கேட்டவர்கள் அவரை இதமான பின்னணி இசைக்காரர் என்று எண்ணிவிடுகிறார்கள். 1960-இல் வெளிவந்த 'தி இன்க்ரெடிபிள் ஜாஸ் கிட்டார்', 1965-இல் பியானோ கலைஞர் வின்டன் கெல்லியின் மூவர் குழுவோடு பதிவான 'ஸ்மோக்கின் அட் தி ஹாஃப் நோட்' ஆகியவற்றில்தான் அவருடைய முழு ஆற்றலும் தெரியும். தந்தியை மீட்டும் சிறு தகடான பிக் இல்லாமல் கட்டைவிரலால் மீட்டிய வெஸ், தம் தனி வாசிப்பை அடிக்கடி மூன்று படிகளில் வளர்த்தெடுப்பார்: முதலில் ஒற்றைச் சுரங்கள், பிறகு மேல் ஸ்தாயியிலும் கீழ் ஸ்தாயியிலும் ஒரே சுரத்தைச் சேர்த்து மீட்டும் இரட்டைச் சுரங்கள், இறுதியில் முழுக் கார்டுகள். இந்த ஏற்றத்தை உணர வேண்டுமானால் பாடலை முழுவதும் கேட்க வேண்டும். அரை நிமிடத் துணுக்குகளில் கேட்பவருக்கு அது ஒருபோதும் கிட்டாது.

துணை வாசிப்பைக் கவனியாமல் விடுவதுதான் நான் மிகவும் வருந்தும் தவறு. நல்ல மிருதங்கக் கலைஞரை அவருடைய தனி ஆவர்த்தனத்தைக் கொண்டு மட்டுமே மதிப்பிடும் ரசிகர் நம்மில் எவரேனும் உண்டா? ஜிம் ஹாலும் பியானோ கலைஞர் பில் எவான்ஸும் இருவராகவே பதிவு செய்த 'அண்டர்கரன்ட்' (1962) ஆல்பத்தில், 'மை ஃபன்னி வாலன்டைன்' பாடலில் பியானோ முன்னே செல்லும்போது ஹாலின் கிட்டார் டிரம்ஸின் வேலையையும் பாஸின் வேலையையும் ஒருசேர ஏற்றுக்கொள்கிறது. அதே ஆண்டில் சாக்சஃபோன் கலைஞர் சோனி ரோலின்ஸ் வெளியிட்ட 'தி பிரிட்ஜ்' ஆல்பத்தில் பியானோவே இல்லை. சாக்சஃபோனுக்கு வேண்டிய கார்டுகளை அளவறிந்து தருவதும் வேண்டாத இடத்தில் ஒதுங்கி நிற்பதும் ஹாலின் பொறுப்பு. எப்போது வாசிக்காமல் இருப்பது என்பதை இந்த ஆல்பத்தைவிட நன்றாகக் கற்பிக்கும் பதிவை நான் அறியேன்.

கிட்டார் கலைஞர் ஜான் மெக்லாஃப்லினின் சக்தி குழுவிடம் நம்மவர்கள் விரைந்து செல்வது இயல்பே. எல். சங்கரின் வயலின், விக்கு விநாயக்ராமின் கடம், ஜாகிர் உசேனின் தபேலா ஆகியவற்றோடு 1975-இல் மேடையில் பதிவாகி மறு ஆண்டு வெளிவந்த முதல் ஆல்பம் இன்றும் சிலிர்க்க வைக்கிறது. ஆனால் அதையே அளவுகோலாக வைத்துக்கொண்டு மற்ற ஜாஸ் கிட்டாரை எடைபோடக் கூடாது. கார்டுகள் பெரும்பாலும் விலகி, நிலைத்த சுருதி ஆட்சி செய்யும் இசை அது. நாம் ஏற்கெனவே அறிந்த வீட்டுக்குள் மெக்லாஃப்லின் வந்திருக்கிறார் என்று கொள்வதே சரி.

கைப்பேசியின் சிறு ஒலிபெருக்கியில் கேட்பதைத் தவிர்க்கவும். முதலில் மறைவது பாஸ்தான், அதோடு தளமும் போய்விடும். பழைய பதிவுகளின் இரைச்சலுக்கு அஞ்சி கிட்டார் கலைஞர் சார்லி கிறிஸ்டியனை ஒதுக்கவும் வேண்டாம். 1939-இல் பென்னி குட்மன் குழுவில் சேர்ந்து 1942-இல் 25 வயதில் மறைந்த அவர், மின்கிட்டாரை ஊது கருவிகளுக்கு நிகராகத் தனி வாசிப்புக்கு உயர்த்தியவர். பின்வந்த பலர் அவருடைய வழியில் நடந்தவர்களே.

இந்த இசை அமெரிக்காவில் மட்டும் வாழ்கிறது என்று எண்ணுவது தென்னாப்பிரிக்கத் தமிழருக்குச் சிறிதும் பொருந்தாத தவறு. 1950-களில் டர்பனின் விக்டோரியா தெருவில் இந்தியர் நடத்திய குட்வில் லவுஞ்ச் உணவகம் ஜாஸ் கலைஞர்கள் கூடும் இடமாக விளங்கியது. அமெரிக்கப் பியானோ கலைஞர் டேரியஸ் புரூபெக் 1983-இல் இங்கே வந்து நடால் பல்கலைக்கழகத்தில் ஜாஸ் கற்பிக்கத் தொடங்கினார். டர்பனில் பிறந்த ஆலன் குவேலா (1939–2003) நம் நாட்டின் மிகச் சிறந்த ஜாஸ் கிட்டார் கலைஞர்களில் ஒருவர். 1970-களில் வந்த 'பிளாக் பியூட்டி'யிலிருந்து அவரைக் கேட்கத் தொடங்கலாம். மமெலோடியின் ஃபிலிப் தபானே, 1964-இல் ஒர்லாண்டோ அரங்கில் நடந்த ஜாஸ் விழாவில் கிட்டார், புல்லாங்குழல், முரசு என்ற மூன்றே ஒலிகளோடு தம் மலோம்போ குழுவுக்கு முதற்பரிசைப் பகிர்ந்து பெற்றுத் தந்தார். வெஸ், ஹால் இருவரையும் ஓரளவு கேட்டுப் பழகியபின் இவ்விருவரிடம் வந்தால், அதே கருவி நம் மண்ணின் தாளத்தோடு பேசுவது இன்னும் தெளிவாகக் கேட்கும்.