வாட்டில ஏத்துற ஊசிமருந்து கலக்கேக்க பிழை விடாமல் இருக்க

யாழ்ப்பாணத்தில வாட்டு வேலைக்குப் புதுசா வாற பிள்ளையளுக்குத்தான் இது. மருந்து கலக்கிற மேசையில வேற ஒண்டும் வையாதேங்கோ, தேத்தண்ணிக் கோப்பையும் ஃபோனும் அங்க என்னத்துக்கு? ஒரு நேரம் ஒரு நோயாளிக்கு மட்டும் கலவுங்கோ, நடுவில ஆரும் கூப்பிட்டா "பொறுங்கோ வாறன்" எண்டு சொல்லுறதில பிழையே இல்லை.

கை கழுவி, மருந்துக் குப்பியின்ர (வயல்) ரப்பர் மூடியை ஸ்பிரிட் பஞ்சால துடைச்சு காயவிட்டிட்டுத்தான் ஊசி குத்தோணும், ஈரத்தோட குத்தினா துடைச்சும் பலனில்லை.

பிறகு எதில கலக்கிறது எண்டதைப் பாருங்கோ, கனபேர் சறுக்கிறது இதிலதான். வலிப்புக்குக் குடுக்கிற ஃபெனிடோயினை நோர்மல் சேலைனில (உப்புத்தண்ணி) மட்டும் கலக்கோணும், டெக்ஸ்ரோஸில (சீனித்தண்ணி) விட்டா மருந்து படிஞ்சுபோகும். செஃப்ட்ரையாக்சோன் எண்ட அன்ரிபயோட்டிக்கை ஹார்ட்மன் மாதிரி கல்சியம் உள்ள ஏத்துற திரவத்தோட சேர்க்கவே கூடாது. இன்னொரு அன்ரிபயோட்டிக்கான வாங்கோமைசின் 1 கிராம் எண்டா குறைஞ்சது 200 மில்லிலீற்றரில, 100 நிமிசத்துக்குக் குறையாமல் ஏத்துங்கோ, அவசரப்பட்டா ஆள் சிவந்து சொறியத் தொடங்கும்.

பொட்டாசியம் குளோரைட்டை நேரடியா நரம்பில அடிச்சா இதயம் நிண்டுபோகும். அதின்ர ஆம்பியூலும் (சின்ன மருந்துக் குழாய்) தண்ணி ஆம்பியூல் மாதிரித்தான் கிடக்கும், அதால வேற பெட்டியில பூட்டி வையுங்கோ. சேலைனுக்க விட்டாப்பிறகு பையை குறைஞ்சது பத்துத் தரம் தலைகீழாப் புரட்டோணும், இல்லாட்டி அடியில தேங்கி முதல்ல அதுதான் உள்ள போகும்.

கலந்த கையோட லேபிள் ஒட்டுங்கோ: நோயாளி பேர், மருந்து, அளவு, எதில கலந்தது, நேரம், உங்கட கையெழுத்து. மருந்தின்ர அளவுக் கணக்கை ரெண்டாவது ஆள் தானாப் போட்டுப் பாக்கோணும், உங்கட விடையை முதல்லயே சொல்லிப்போடாதேங்கோ.