ஒரம்பரை பேச்சுக்கு வசனம் போர்த்தாதீர்கள்: வயசுப் பிள்ளைகளை வளர்ப்பதில் நாம் செய்யும் தவறுகள்

கோவை, ஈரோடு, திருப்பூர் பக்கம் நம் கிறிஸ்தவ சபைகளில் வயசுக்கு வந்த பெண்பிள்ளைக்குப் புத்தி சொல்கிறோம் என்று பேசுவதில் பாதி, வேதத்திலிருந்து வருவதில்லை. ஒரம்பரை, அதாவது சொந்தபந்தம், என்ன பேசும் என்ற பயத்திலிருந்து வருகிறது. அந்தப் பயத்துக்கு ஒரு வசனத்தைப் போர்த்திவிடுவதுதான் பெரிய தவறு, மற்றதெல்லாம் அதில் கிளைத்தவை.

பிள்ளை வயசுக்கு வந்ததும் செய்யும் தெரட்டிச் சீரையே எடுங்கள். மண்டபத்து வாசலில் பிள்ளை படம் போட்ட ஆளுயர ஃப்ளெக்ஸ், உள்ளே மாமன் சீர்த்தட்டு வரிசை, மேடை சோபாவில் பட்டும் நகையுமாக ஏழாவது படிக்கும் குழந்தை. மந்திரத்துக்குப் பதில் ஜெபம், அவ்வளவுதான் வித்தியாசம். அவள் உடம்பில் நடந்ததை ஊருக்கே சொன்ன அதே வீட்டில் அடுத்த மாதம் 'தூரம்' என்று தனித்தட்டு, தனிப்பாய். கேட்டால், மாதவிலக்கைத் தீட்டு என்று சொல்லும் லேவியராகமம் 15 என்பார்கள். சரி, 12 வருஷம் உதிரப்போக்கால் தவித்த பெண் கூட்டத்துக்குள் புகுந்து இயேசுவின் வஸ்திரத்தைத் தொட்டாளே (மாற்கு 5), அவர் விலகியா போனார்? 'மகளே' என்றுதானே கூப்பிட்டார்! இதையும், உடம்பில் என்ன நடக்கும் என்பதையும் அம்மா முன்னாடியே சொல்லியிருக்க வேண்டும், அப்பா பக்கத்தில் இருந்தாலும் தப்பில்லை.

அப்புறம் உடை. வாலிபர் கூட்டத்தில் பெண்களை மட்டும் உட்காரவைத்து துப்பட்டா பற்றி அரைமணி நேரம் பேசுகிறோம், பசங்களை கிரிக்கெட் ஆட அனுப்பிவிடுகிறோம். 'என் கண்களோடே உடன்படிக்கைபண்ணினேன்' என்று யோபு 31:1-இல் சொன்னது ஒரு ஆண் என்பது பசங்களுக்கு எப்போது தெரியும்?

பிள்ளை யாரையோ விரும்புகிறாள் என்று தெரிந்தால் உடனே 2 கொரிந்தியர் 6:14, அந்நிய நுகம். அது அவிசுவாசிகளைப் பற்றிய வசனம். பையன் அதே சபையில் பாடற்குழுவில் நிற்கிறவன் என்றால் எப்படிப் பொருந்தும்? சாதிதான் உறுத்துகிறது, அதை வாய்விட்டுச் சொல்ல முடியாமல் அந்த நிருபத்தை எழுதின பவுலை இழுக்கிறோம். அம்மிணிக்கு இது புரியாது என்று மட்டும் நினைக்காதீர்கள். பதினாறு வயசில் இது வேண்டாம், முதலில் படி கண்ணு என்று நேராகவே சொல்லலாம், அதற்கு வசனம் தேவையில்லை.

போனைப் பிடுங்குவதும் அப்படித்தான். அவள் படத்தை வைத்து ஒருவன் மிரட்டினால், வீட்டில் சொன்னால் போனும் போகும் படிப்பும் போகும் என்று அவள் அவனுக்கே பணிந்துபோவாள். திட்டாமல் முழுசாகக் கேளுங்கள், மெசேஜை அழிக்காதீர்கள், சைபர் உதவி எண் 1930.

இதிலெல்லாம் மோசமானது, சொந்தக்காரரோ சபை ஆளோ கைவைத்தார் என்று பிள்ளை சொல்லும்போது 'சபைக்குள்ளேயே பேசி முடிச்சுக்கலாமுங்க' என்பது. 2 சாமுவேல் 13-இல், மாற்றாந்தாய் மகன் அம்னோன் கெடுத்த தாமாரிடம் கூடப்பிறந்த அண்ணன் அப்சலோம் சொன்னதும் 'மவுனமாயிரு' என்றுதான். அப்பா தாவீது கோபப்பட்டதோடு சரி, அவள் அண்ணன் வீட்டில் தனித்துக் கிடந்தாள். இன்றைக்கு பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-இன் போக்சோ சட்டம் இருக்கிறது. 18 வயசுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு நடந்தது தெரிந்தால் போலீசில் சொல்வது போதகர், மூப்பர் உட்பட எல்லோருக்கும் கடமை, மறைத்தால் 6 மாதம் வரை சிறை. குழந்தைகள் உதவி எண் 1098 ராத்திரியிலும் இயங்குகிறது. மூப்பரைக் கூப்பிடுவதற்கு முன்னால் அதைக் கூப்பிடுங்கள்.