கிறிஸ்துமஸ் துணிச் செலவிலிருந்தே கோயில் நிதி

பெரம்பூரில் அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடும் எங்கள் அன்பியக் கூட்டத்தில் நான் சொல்வது இதுதான்: கோயில் நிதிக்காக மறுபடியும் நன்கொடை ரசீதோடு வீடு வீடாகப் போகாதீர்கள், ஜனங்கள் எப்படியும் செய்யப்போகும் செலவிலிருந்து எடுங்கள். தி.நகர் ஜவுளிக்கடையில், மொத்தமாகப் பரிசு அட்டை எடுத்தால் என்ன தள்ளுபடி என்று கேளுங்கள். 1,000 ரூபாய் அட்டை 950-க்குக் கிடைத்தால், 1,000-க்கே விற்று 50 ரூபாயைக் கோயிலில் சேர்க்கலாம். வாங்குபவருக்கு ஒரு பைசா நஷ்டமில்லை.

முன்பணம் போட்டு அட்டையை அடுக்கி வைக்க வேண்டாம். ஞாயிறு திருப்பலி முடிந்ததும் வாசலில் மேசை போட்டு, பெயரும் தொகையும் எழுதிப் பணம் வாங்குங்கள், பிறகுதான் ஆர்டர். அட்டை என்றால் ரொக்கம் மாதிரி. வரிசை எண்ணைக் குறித்து, கையெழுத்து வாங்கிக் கொடுங்கள். வயதானவர்களுக்குக் காலாவதி தேதியை வாய்விட்டுச் சொல்லுங்கள். கணக்கு, கோயில் நிர்வாகத்தில் பங்குத்தந்தைக்கு ஆலோசனை சொல்லும் பங்குப்பேரவைக்குப் போகட்டும். நவம்பரிலேயே, கிறிஸ்துமஸுக்கு முந்தைய சுமார் நான்கு வாரத் தயாரிப்பான திருவருகைக் காலத்துக்கு முன்பே ஆரம்பியுங்கள். தாமதித்தால் பலர் துணி எடுத்து முடித்திருப்பார்கள்.