பத்து லினக்ஸ் மெஷினுக்கும் ஒரே லாகின்: ஃப்ரீஐபிஏ அமைப்பது எப்படி?

லேபில் பத்து லினக்ஸ் மெஷின் இருந்தால், புதிதாக ஒருவர் சேரும்போது பத்திலும் கணக்கு திறக்க வேண்டும். அவர் போனால் பத்திலும் நீக்க வேண்டும். எதிலாவது ஒன்றில் விட்டுப்போகும். இந்தத் தலைவலிக்கு சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1980களிலேயே, கணக்குகளை ஒரே இடத்தில் வைத்து எல்லா மெஷினுக்கும் பகிரும் என்ஐஎஸ் கொண்டுவந்தது. அதில் நெட்வொர்க்கில் இருப்பவர்கள் பாஸ்வேர்டு ஹேஷ்களை (பாஸ்வேர்டின் உருமாற்றிய வடிவத்தை) எளிதாக எடுத்துவிடலாம் என்பதால், இப்போது புதிதாகப் போடாதீர்கள். யூசர் விவரங்களை வைக்கும் எல்டேப், ஆளைச் சரிபார்க்கும் கெர்பரோஸ், சான்றிதழ் சர்வர் எல்லாம் சேர்ந்தே வரும் ஃப்ரீஐபிஏ போதும்.

படி 1: முதலில் எண்களைப் பாருங்கள்

பலரும் தாண்டிப்போகும் படி இதுதான். யூனிக்ஸ் ஒரு ஃபைலுக்கு உரிமையாளர் பெயரைக் குறித்து வைப்பதில்லை. யூஐடி என்ற எண்ணைத்தான் வைக்கிறது. முதல் மெஷினில் 1001 குமார், இரண்டாவதில் 1001 மீனா என்று வைத்துக்கொள்வோம். இரண்டிலும் ஒரே என்எஃப்எஸ் ஷேரை (நெட்வொர்க்கில் பகிரும் ஃபோல்டரை) சாதாரணமாக மவுன்ட் செய்தால், குமார் எழுதிய ஃபைல் இரண்டாவது மெஷினில் மீனாவுடையதாகத் தெரியும். அவர் அதைத் திறக்கலாம், திருத்தலாம். பாஸ்வேர்டு எவ்வளவு பலமாக இருந்தும் பயனில்லை.

அதனால் ஒவ்வொரு மெஷினிலும் 1000 முதல் மேலே உள்ள யூஐடிகளையும் பெயர்களையும் ஒரு ஷீட்டில் எழுதிக்கொள்ளுங்கள். ஃப்ரீஐபிஏ தனக்கென்று 2,00,000 எண்கள் கொண்ட ஒரு வரம்பை மிக மேலே ஒதுக்கிக்கொள்ளும், மோதல் வராது. ஆனால் பழைய ஃபைல்களில் பழைய எண்தான் இருக்கும். அவற்றை ஃபைண்ட் கமாண்டால் தேடி, உரிமையாளரை மாற்றும் சௌன் கமாண்டைக் கொடுத்துப் புது எண்ணுக்கு மாற்றுவது உங்கள் வேலை.

படி 2: சர்வர்

ராக்கி லினக்ஸ் போன்ற ஒன்றில் ஐபிஏ-சர்வர் பேக்கேஜைப் போடுங்கள். நிலையான ஐபி, முழு டொமைனோடு கூடிய ஹோஸ்ட்நேம் இரண்டும் தேவை. ஹோஸ்ட்ஸ் ஃபைலில் அந்தப் பெயர் 127.0.0.1ஐக் காட்டினால் இன்ஸ்டாலர் ஒத்துக்கொள்ளாது. ஃபயர்வாலில் 80, 443, 389, 636, 88, 464 போர்ட்களைத் திறந்துவிட்டு, ஐபிஏ-சர்வர்-இன்ஸ்டால் ஓட்டுங்கள். கேள்விகளுக்குப் பதில் சொன்னால் மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும்.

படி 3: யூசர்

கேஇனிட் அட்மின் கொடுத்து கெர்பரோஸ் டிக்கெட் (தற்காலிக அனுமதிச் சீட்டு) வாங்கிக்கொண்டு, ஐபிஏ யூசர்-ஆட் கமாண்டால் ஆளைச் சேருங்கள். பிரவுசர் வழியாகவும் செய்யலாம். நீங்கள் கொடுக்கும் பாஸ்வேர்டு முதல் லாகினிலேயே காலாவதியாகி, புதியது கேட்கும். பழுது என்று நினைக்க வேண்டாம், வடிவமைப்பே அப்படித்தான்.

படி 4: மற்ற மெஷின்கள்

ஒவ்வொன்றிலும் ஐபிஏ-கிளையன்ட்-இன்ஸ்டால் ஓட்டுங்கள். எம்கேஹோம்டிர் ஆப்ஷனை மறக்காதீர்கள். இல்லையென்றால் லாகின் ஆனவருக்கு ஹோம் டைரக்டரி இருக்காது. கடிகாரங்களை குரோனியால் சரிசெய்யுங்கள். வழக்கமான அமைப்பில் 5 நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் கெர்பரோஸ் மறுத்துவிடும்.

அப்புறம் ஐடி கமாண்டோடு யூசர் பெயரைக் கொடுங்கள். எல்லா மெஷினிலும் ஒரே எண் வர வேண்டும். ஒன்றில் மட்டும் பழைய 1001 வந்தால், அங்கே அதே பெயரில் லோக்கல் கணக்கு ஒன்று ஒளிந்திருக்கிறது, அதை நீக்குங்கள். ரூட்டை மட்டும் எல்லா மெஷினிலும் லோக்கலாகவே விடுங்கள். சர்வர் படுத்தால் உள்ளே போக அந்த வழி வேண்டும். ஏற்கெனவே லாகின் செய்தவர்களை அந்தந்த மெஷினில் ஓடும் எஸ்எஸ்எஸ்டி சேவை தன் கேஷை (சேமித்த விவரத்தை) வைத்துச் சமாளிக்கும், புதியவர்களுக்கு அது உதவாது. எனவே இன்னொரு மெஷினில், சர்வரின் நகலை அமைக்கும் ஐபிஏ-ரெப்ளிகா-இன்ஸ்டால் போட்டுவிட்ட பிறகே எல்லோரையும் இதற்கு மாற்றுங்கள்.